நெஞ்சில் கோத்தது தண்ணீர் அல்ல, சீழ்!

சாமல்பட்டி பக்கம் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். நெஞ்சுக்குள் வருகிற எல்லா நோய்க்கும் அங்கே ஒரே பெயர்தான்: சளி. குழந்தைக்கு மூக்கு ஒழுகினால் சளி. நிமோனியா என்றால் "நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு". காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கூட வெளியில் சொல்வது "கொஞ்சம் சளி, ஆறு மாசம் மாத்திரை எழுதியிருக்காங்க" என்றுதான். சரி, நுரையீரலைச் சுற்றிச் சீழ் பிடித்துவிட்டால்? அதற்கும் ஒரு பெயர் தயாராக இருக்கிறது. "நெஞ்சுல தண்ணி கோத்திருக்கு."

இது சாமல்பட்டிக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல. ஓசூரிலும் சேலத்திலும் சென்னையிலும் இதே பேச்சுதான். ஆனால் இந்த இரண்டு சொற்களும் சேர்ந்து செய்கிற கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. சளி என்றால் இருமினால் வந்துவிடும், இல்லாவிட்டால் மருந்து குடித்தால் கரைந்துவிடும். தண்ணீர் என்றால் தானே வற்றிவிடும். கேட்பவர் மனசில் இப்படித்தான் பதிகிறது. சீழ் கரையவும் கரையாது, வற்றவும் வற்றாது. வற்றினால் அதைவிட ஆபத்து! அதைப் பிறகு பார்ப்போம்.

மருத்துவர்கள் இதை எம்பைமா என்கிறார்கள். தமிழில் மார்புச்சீழ் என்று சொல்லலாம். நுரையீரலின் மேல் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. நெஞ்சுக்கூட்டின் உட்சுவரிலும் அதே போல ஒரு சவ்வு. இரண்டுக்கும் நடுவே உயவு எண்ணெய் போல இரண்டு மூன்று தேக்கரண்டி நீர் இருக்கும். மூச்சு விடும்போது நுரையீரல் உரசாமல் வழுக்கிக்கொண்டு விரிவதற்கு அந்த நீர்தான் காரணம். நுரையீரலில் நிமோனியா வந்தால் பக்கத்திலுள்ள சவ்வும் வீங்கிக் கசியும். மருத்துவமனையில் சேரும் நிமோனியா நோயாளிகளில் 100க்கு 20 முதல் 40 பேருக்கு இப்படிக் கொஞ்சமாவது நீர் சேர்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ஆன்டிபயாடிக் மருந்திலேயே அது போய்விடும். சிலருக்கு மட்டும் அந்த நீருக்குள் கிருமி புகுந்து, நீர் கலங்கி, கெட்டியாகி, சீழாகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சளி இருப்பது நுரையீரலின் காற்றுக்குழாய்க்கு உள்ளே. அதற்குத் தொண்டை வழியாக வெளியே வர வழி உண்டு. சீழ் இருப்பது நுரையீரலுக்கு வெளியே, இரண்டு சவ்வுகளுக்கு நடுவே, வாசலே இல்லாத அறையில். எவ்வளவு இருமினாலும் வராது. சீழ் கெட்டியாகிவிட்டால் அதைச் சுற்றித் திரை திரையாகப் படிவதால் மருந்தும் உள்ளே சரியாகப் போய்ச் சேராது. ஆக, அறைக்கு ஒரு வாசல் போட வேண்டும். இந்த நோயின் சிகிச்சை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

காரணங்களைப் பார்த்தால் முதலிடம் நிமோனியாவுக்கு. நிமோகாக்கஸ், ஸ்டஃபைலோகாக்கஸ், கிளெப்சியெல்லா என்று கிருமிகளின் பட்டியல் நீளும். இந்தியாவில் இதற்கு இணையாக நிற்பது காசநோய். நெஞ்சில் அடிபட்டு உள்ளே ரத்தம் தேங்கினாலும், நெஞ்சில் அறுவை செய்தாலும், உணவுக்குழாய் கிழிந்தாலும் இது வரலாம். கல்லீரலில் அமீபா கட்டி வந்து, அது உதரவிதானத்தைத் துளைத்துக்கொண்டு மேலே நெஞ்சுக்குள் உடைவதும் உண்டு. பலர் எதிர்பார்க்காத ஒரு காரணம், சொத்தைப் பல்! போதையில் நினைவில்லாமல் கிடப்பவர், வலிப்பு வந்தவர் ஆகியோரின் வாயிலுள்ள அழுக்கு, மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். வாயிலிருக்கும் காற்றில்லாக் கிருமிகள் நுரையீரலில் போய்க் குடியேறும். நாற்றமடிக்கும் சீழ் என்றால் மருத்துவர்கள் முதலில் வாயைத் திறந்து பார்ப்பார்கள். கட்டுப்படாத சர்க்கரை நோய், குடி, சத்துக்குறைவு மூன்றும் இந்த நோய்க்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பு விடுப்பவை.

இனி சாமல்பட்டிக்கு வருவோம். புவியியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். அபூர்வமான கார்பனடைட் பாறைகளுக்காக ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அடிக்கடி அடிபடும் பெயர். மற்றவர்களுக்கு அது ஜோலார்பேட்டை - சேலம் ரயில் பாதையில் வந்துபோகும் ஒரு நிலையம். கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்க மாங்காய்க்கு அடுத்தபடி கல்தான் பிழைப்பு. கிரானைட் வெட்டுவது, அறுப்பது, பாலிஷ் போடுவது. கல்லை விட்டால் ஓசூர் கம்பெனிகளில் ஒப்பந்த வேலை, அதையும் விட்டால் பெங்களூருக்குக் கட்டட வேலை.

கிரானைட்டில் சிலிக்கா இருக்கிறது. உலர வைத்து அறுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத தூள் நுரையீரலின் அடி வரைக்கும் போய்ப் படிகிறது. பல வருஷம் படிந்தால் சிலிகோசிஸ். அந்த நுரையீரலில் காசநோய்க் கிருமி புகுந்தால் அதை எதிர்த்து நிற்கும் சக்தி குறைவு. சிலிகோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பது உலகம் முழுவதும் ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. காசநோயிலிருந்து மார்புச்சீழுக்கு ஒரு படிதான்.

ஒரு ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். வயது நாற்பது. கல் அறுக்கும் பட்டறையில் வேலை. திங்கட்கிழமை காய்ச்சல், இருமல், மூச்சை இழுத்தால் ஒரு பக்கம் குத்துகிறது. மெடிக்கல் கடையில் சொல்லி மூன்று நாளைக்கு மாத்திரை வாங்குகிறார். காய்ச்சல் கொஞ்சம் இறங்குகிறது. வேலைக்குப் போகிறார், போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. மறுபடி காய்ச்சல். இந்த முறை ஒரு ஊசி, வேறு மாத்திரை, இரண்டு நாள். அரைகுறை மருந்து செய்யும் வேலை என்னவென்றால், அது நோயைக் கொல்லாது, நோயின் சத்தத்தை மட்டும் குறைக்கும். உள்ளே சீழ் சேர்ந்துகொண்டே இருக்கும், வெளியே காய்ச்சல் மட்டும் மாலையில் எட்டிப் பார்க்கும். மூன்றாவது வாரம் படுத்தால் மூச்சு முட்டுகிறது. அப்போதுதான் எக்ஸ்ரே. ஒரு பக்கம் முழுவதும் வெள்ளை!

இந்த மூன்று வாரத்தில் உள்ளே நடந்ததை வட்டிக் கணக்கு தெரிந்தவர்கள் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம். முதல் சில நாட்கள் நீர் தெளிவாக, தண்ணியாக இருக்கும். இது அசல் மட்டும். மருந்திலேயே அடைந்துவிடலாம், வேண்டுமானால் ஊசியால் உறிஞ்சிவிடலாம். அடுத்த கட்டத்தில் நீர் சீழாகி, உள்ளே சிலந்தி வலை போல நூல் நூலாகப் பின்னிக்கொண்டு தனித்தனி அறைகளாகப் பிரியும். இப்போது ஒரு குழாய் போட்டால் ஒரு அறை மட்டும்தான் காலியாகும். மூன்றாவது கட்டத்தில் அந்த நூலெல்லாம் இறுகி, ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு கெட்டி உறை நுரையீரலைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அதற்குள் சிக்கிய நுரையீரல் விரியவே முடியாது. "வற்றினால் அதைவிட ஆபத்து" என்று மேலே சொன்னது இதைத்தான். நீர் வற்றியிருக்கும், உறை தங்கியிருக்கும். முதல் கட்டத்திலிருந்து மூன்றாவதுக்குப் போக மாதக் கணக்கு தேவையில்லை, சில வாரங்கள் போதும். மீட்டர் வட்டி!

கண்டுபிடிப்பது கஷ்டமா என்றால், இல்லவே இல்லை. விரலால் நெஞ்சைத் தட்டிப் பார்த்தாலே நீர் உள்ள பக்கம் 'டொக்' என்று மந்தமாகக் கேட்கும். பிறகு எக்ஸ்ரே. அல்ட்ராசவுண்ட் வைத்தால் உள்ளே அறை பிரிந்திருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். பிறகு ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும். சீழாகவே வந்தால் வேறு சோதனைக்கே காத்திருக்க வேண்டாம். கலங்கலாக வந்தால் அதன் பி.எச். அளவு 7.2க்குக் கீழே போயிருந்தாலோ, குளுக்கோஸ் மிகவும் குறைந்திருந்தாலோ குழாய் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். நிமோனியாவுக்கு மருந்து தொடங்கி மூன்று நாளாகியும் காய்ச்சல் விடவில்லை என்றால் எக்ஸ்ரேயைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். இதில் பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை.

குழாயின் கதை சுவாரசியமானது. கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே, அதாவது 2400 வருஷத்துக்கு முன்பே, நெஞ்சைக் கீறிச் சீழ் எடுத்திருக்கிறார்கள். நோயாளியின் தோளைப் பிடித்துக் குலுக்கி, உள்ளே தளும்பும் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டு, எந்தப் பக்கம் என்று தீர்மானித்தார்களாம். ஆனால் நெஞ்சைத் திறந்தால் சீழ் வெளியே வரும்போதே காற்று உள்ளே புகுந்துவிடும், நுரையீரல் சுருங்கிவிடும். இந்தச் சிக்கலுக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர மருத்துவர் பூலாவ் கண்ட வழிதான் தண்ணீர்ப் பூட்டு. குழாயின் மறுமுனையை ஒரு பாட்டிலில் உள்ள தண்ணீருக்குள் முக்கி வைத்தார். சீழும் காற்றும் தண்ணீருக்குள் வெளியேறும், ஆனால் தண்ணீரைத் தாண்டிக் காற்று திரும்ப உள்ளே போக முடியாது. அவ்வளவுதான்! 1891இல் அவர் இதை எழுதி வெளியிட்டார். இன்று எந்த அரசு மருத்துவமனை வார்டிலும் கட்டிலுக்குக் கீழே இருக்கும் பாட்டில் அதே தத்துவம்தான். நோயாளி மூச்சு விடும்போது குழாயில் தண்ணீர் ஏறி இறங்கும். ஏறி இறங்கினால் குழாய் அடைக்காமல் வேலை செய்கிறது என்று பொருள். பாட்டிலை மட்டும் நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கக் கூடாது.

அது தெரிந்த பிறகும் உலகம் ஒரு பெரிய விலை கொடுத்தது. முதல் உலகப் போரின்போது, 1917-18இல், அமெரிக்க ராணுவ முகாம்களில் அம்மையும் ஃப்ளூவும் பரவி, அதைத் தொடர்ந்து நிமோனியாவும் மார்புச்சீழும் வந்தன. அவசரப்பட்டு நெஞ்சைத் திறந்து விட்டார்கள். சராசரியாக 100க்கு 30 பேர் இறந்தார்கள். எவார்ட்ஸ் கிரஹாம் இடம்பெற்ற ஒரு குழு ஆராய்ந்து, ஆரம்பத்தில் மூடிய முறையில்தான் எடுக்க வேண்டும், நோயாளிக்கு நல்ல சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று சொன்னது. அதன்படி செய்த இடங்களில் சாவு 10க்கும் கீழே இறங்கியது. அடுத்த வருஷம், 1919 டிசம்பர் 29 அன்று, தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்கள் படித்த பாடநூலை எழுதிய வில்லியம் ஆஸ்லரே நிமோனியாவும் மார்புச்சீழும் வந்து ஆக்ஸ்ஃபோர்டில் இறந்தார். ஆன்டிபயாடிக் இல்லாத காலம். இன்று அந்த மருந்து சாமல்பட்டி மெடிக்கல் கடையிலும் கிடைக்கிறது. ஆஸ்லருக்குக் கிடைக்காதது இங்கே கூலித் தொழிலாளிக்குக் கிடைக்கிறது, ஆனால் மூன்று மாத்திரை அளவில்.

குழாய் என்றதும் நம் ஊரில் ஒரு பயம். "டியூப் போட்டாச்சுன்னா ஆள் தேறமாட்டாங்க" என்று வார்டு வராண்டாவிலேயே யாராவது சொல்லிவிடுவார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அழைத்துக்கொண்டு போகும் குடும்பங்கள் உண்டு. இந்தப் பயத்தைக் கேலி செய்வது தப்பு. அவர்கள் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறார்கள். அவர்கள் பார்த்தவர்கள் எல்லாரும் மூன்றாவது கட்டத்தில் வந்தவர்கள். பெரியவர்களுக்கு வரும் மார்புச்சீழில் இன்றும் பத்தில் ஒருவரோ இருவரோ இறக்கிறார்கள். அந்தச் சாவைக் குழாய் கணக்கில் எழுதுகிறோம், தாமதத்தின் கணக்கில் எழுத வேண்டியதை. உண்மையில் கக்கத்துக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, விலா எலும்புகளுக்கு நடுவே விடும் குழாய் அது. வலி உண்டு, பொய் சொல்ல வேண்டாம். ஆனால் இரண்டு வாரமாகப் படுக்க முடியாதவர் அன்றிரவு படுப்பார்.

குழாயோடு சரியான ஆன்டிபயாடிக் பல வாரங்கள் தொடர வேண்டும். சீழ் அறை அறையாகப் பிரிந்திருந்தால் குழாய் வழியாக மருந்து செலுத்தி அந்த நூல்களைக் கரைக்கும் முறையும் உண்டு. ஸ்ட்ரெப்டோகைனேஸ் மட்டும் கொடுத்தால் பெரிய பலன் இல்லை என்று 2005இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. டி.பி.ஏ., டி.என்.ஏஸ் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் பலருக்கு அறுவை தேவைப்படாமல் போகிறது என்று 2011இல் வந்த ஆய்வு காட்டியது. விலைதான் இடிக்கும். அதற்கும் மசியாவிட்டால் கேமரா விட்டுச் சுத்தம் செய்வது, அதுவும் முடியாவிட்டால் நெஞ்சைத் திறந்து அந்த உறையை உரித்தெடுப்பது. அதையும் தாங்க முடியாத உடம்பு என்றால் விலா எலும்பைக் கொஞ்சம் வெட்டி நெஞ்சில் ஒரு ஜன்னலே வைத்துவிடுவார்கள். எலோஸர் என்பவர் 1935இல் காசநோய்ச் சீழுக்காகவே கண்டுபிடித்த வழி இது. குழந்தைகள் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி: சீழ் வடிந்துவிட்டால் அவர்களுடைய நுரையீரல் சில மாதங்களில் பழையபடி விரிந்துவிடுகிறது. நிமோகாக்கஸ் தடுப்பூசியும் 2021 முதல் தமிழ்நாட்டு அரசுத் தடுப்பூசிப் பட்டியலில் இலவசமாகச் சேர்ந்துவிட்டது.

காசநோய்ச் சீழ் மட்டும் தனி ரகம். குழாய் போட்டால் போதாது, மாத்திரையும் மாதக் கணக்கில் வேண்டும். இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்குப் பெருமைப்பட உரிமை இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தை 1928இல் தொடங்கிய டாக்டர் சவுரிமுத்து, அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் நடத்திய சானடோரியத்தில் கணித மேதை ராமானுஜனுக்கே சிகிச்சை அளித்தவர். (ராமானுஜனுக்கு வந்தது காசநோயே அல்ல, கல்லீரலைத் தாக்கிய அமீபாதான் என்று 1994இல் ஒரு மருத்துவர் வாதிட்டார். அது வேறு கதை.) 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் காசநோய் குணமாகும் என்று 1959இல் உலகத்துக்கே நிரூபித்தது. ஏழை வீட்டில், கூலிக்குப் போகிற வீட்டில் நடந்த நிரூபணம் அது. மருந்து வாசலுக்கு வந்தால் நம் மக்கள் சாப்பிடுவார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அதனால்தான் "ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று சொல்லி முடித்துக்கொள்வதை ஏற்க முடியாது. விழிப்புணர்வு இருக்கிறவனுக்கும் லீவு இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், ஈ.எஸ்.ஐ. நீட்டித்த நோய்க்கால உதவிப் பட்டியலில் 34 நோய்கள் இருக்கின்றன. முதலாவது காசநோய், இரண்டாவது தொழுநோய், மூன்றாவது நாள்பட்ட மார்புச்சீழ்! தகுதியுள்ள தொழிலாளிக்கு இரண்டு வருஷம் வரை கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். காமர்ஸ் மாணவர்கள் தொழிற்சட்டப் பாடத்தில் ஈ.எஸ்.ஐ.யை மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள், இந்த மூன்றாவது பெயரைக் கவனித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பட்டியல் போட்டவர்களுக்கு இந்த நோய் தொழிலாளியை எவ்வளவு காலம் படுக்க வைக்கும் என்று தெரிந்திருக்கிறது. ஆனால் குவாரியில் நாள்கூலிக்கு நிற்பவர் பலருக்கு அந்த அட்டையே கிடையாது. அட்டை உள்ளவருக்கோ, நோய் நாள்பட்டதாக ஆன பிறகுதான் இந்தப் பெரிய உதவி. முதல் வாரத்தில் ஒரே ஒரு நாள் கூலியோடு லீவு கிடைத்திருந்தால் எக்ஸ்ரேயோடு முடிந்திருக்கும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் அப்படித்தான். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, பெரிய அறுவைக்குக் கை கொடுக்கும், நல்லதுதான். ஆனால் காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த பிறகுதான் பேச ஆரம்பிக்கும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு, எல்லாவற்றுக்கும் தர்மபுரிக்கும் சேலத்துக்கும் ஓட வேண்டிய நிலை குறைந்திருக்கிறது. இருந்தாலும் சாமல்பட்டிக்காரருக்கு முதல் எக்ஸ்ரே ஊத்தங்கரையிலேயே, முதல் வாரத்திலேயே நடக்க வேண்டும்.

அதற்குப் புதுத் திட்டம் எதுவும் வேண்டாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது இதே மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். (பெயர் ஒத்திருந்தாலும் சாமல்பட்டி வேறு.) சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்க வீடு வீடாகப் பெண் தன்னார்வலர்கள் போகிறார்கள். சர்க்கரை உள்ளவர்கள்தான் மார்புச்சீழுக்கும் எளிய இரை. மாத்திரை கொடுக்கும்போதே "வீட்டுல யாருக்காவது காய்ச்சலும் இருமலும் ஒரு வாரமா இருக்கா? மூச்சு இழுத்தா குத்துதா?" என்று கேட்க அரை நிமிஷம் ஆகும். 2024 டிசம்பரில் தொடங்கிய காசநோய் ஒழிப்பு முகாமில் கையில் எடுத்துப்போகும் எக்ஸ்ரே கருவிகளைப் பயன்படுத்தினார்கள். அதைக் கல் பட்டறை வாசலுக்குக் கொண்டுவர முடியும். மெடிக்கல் கடைக்காரர்களை மட்டும் திட்டுவதிலும் பிரயோஜனம் இல்லை. சக்தி வாய்ந்த பல ஆன்டிபயாடிக்குகளையும் காசநோய் மருந்துகளையும் 2014 முதல் எச்1 பட்டியலில் வைத்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கடைக்காரர் மாத்திரையை மறுத்தால் அந்த ஆள் வேறு எங்கே, எந்த நேரத்தில் போவார் என்பதற்கும் பதில் இருக்க வேண்டும். பட்டறை முடிந்து அவர் வரும்போது மணி ஏழு ஆகியிருக்கும்.

குணமாகி வீட்டுக்கு வந்தவருக்கு வேலை இன்னும் பாக்கி. சுருங்கிய நுரையீரல் விரிய வேண்டும். மூன்று பந்துகள் உள்ள ஒரு சின்னப் பிளாஸ்டிக் கருவியை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்துப் பந்துகளை எழுப்பச் சொல்வார்கள். அது இல்லாவிட்டால் பலூன். முதல் நாள் ஒரு பந்துதான் எழும்பும், அதுவும் பாதியில் விழும். முட்டை, பருப்பு, வேர்க்கடலை சாப்பிட வேண்டும், சீழோடு உடம்பின் புரதமும் நிறையப் போயிருக்கும். காசநோய் என்றால் சத்துணவுக்காக அரசு தரும் மாதம் 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1000 ஆகியிருக்கிறது. மூன்றாவது பந்து எழும்பும் நேரத்தில் கையிருப்புக் காலியாகியிருக்கும். அவர் அதே பட்டறைக்குத்தான் திரும்புவார், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு. அந்தத் துண்டு சிலிக்காவைத் தடுக்காது. அறுக்கும் இடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தால் தூள் பெருமளவு அடங்கும். ஆனால் தண்ணீர் விட ஒரு மோட்டார், ஒரு தொட்டி, சேற்றை அள்ள ஒரு ஆள் வேண்டும். அந்தச் செலவு முதலாளி கணக்கில் வரும். சீழின் செலவு அந்தக் கணக்கில் எங்கேயும் வராது.